மிச்சச் சொட்டு வாசனை

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எல்லாரும் சொல்வார்கள். இருக்காதா பின்னே? இருபத்திரண்டு வருஷமாக மூக்கை வைத்துப் பிழைப்பவள் நான். வாசனை எண்ணெய்க் கம்பெனியில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளி முதல் வாசல் காவலாளி வரைக்கும் நான் மூக்கம்மாதான்.

என் வேலை ரொம்ப எளிது, சொன்னால் சிரிப்பீர்கள். எண்ணெய் டிரம்மில் வரும். லாவெண்டர், யூகலிப்டஸ், கிராம்பு, எலுமிச்சை, அப்புறம் எங்கள் கலவை அறையிலேயே சேர்க்கிற கலவைகள். பாதிக்கு மேல் பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். டிரம்மின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். காகிதப் பட்டையின் நுனியை எண்ணெயில் முக்கி, கொஞ்சம் காற்றில் ஆட்டி, மூக்குக்குக் கீழே பிடிக்கவேண்டும். சரியாக இருந்தால் டிரம் அட்டையில் கையெழுத்து. என் கையெழுத்து இல்லாமல் ஒரு சொட்டுகூட பாட்டிலுக்குள் இறங்காது.

காய்ச்சல் சீசன் வந்துவிட்டால் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. ஜனங்கள் தும்மத் தும்ம எங்கள் மெஷின் ஓடும். அறைக்குள் வாசனைப் புகை விடும் டிஃப்யூசரில் ஊற்ற, தலையணையில் தெளிக்க, வெந்நீரில் விட்டு ஆவி பிடிக்க என்று பாட்டில் பாட்டிலாக வாங்குவார்கள். எண்ணெய் காய்ச்சலைத் தீர்க்காது. மூக்கடைப்பு கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் போன வருஷம் நான் என்ன செய்தேன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

இந்த வருஷம் அந்தக் காய்ச்சல் என்னையும் ஒரு கை பார்த்துவிட்டது. ஐந்து நாள் படுக்கை. ஆறாம் நாள் எழுந்து, பழக்க தோஷத்தில் அலமாரியிலிருந்த யூகலிப்டஸ் பாட்டிலைத் திறந்து முகர்ந்தேன். மூக்குக்குள் சில்லென்று குளிர்ந்தது, சுரீரென்று எரிந்தது. வாசனை மட்டும் இல்லை. கிராம்பைத் திறந்தேன். அதிலும் இல்லை. வீட்டிலிருந்த பதினேழு பாட்டில்களையும் தரையில் பரப்பி உட்கார்ந்து ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே இருந்தேன். எல்லாமே வெறும் காற்று.

யாருக்கும் தெரியாமல் மூன்று பஸ் மாறிப் போய் ஒரு மூக்கு டாக்டரைப் பார்த்தேன். "காய்ச்சலுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி ஆகும்மா. எரிச்சல், குளிர்ச்சி தெரியும், வாசனை தெரியாது. நாலு எண்ணெயை எடுத்துக்குங்க. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையிலயும் சாயங்காலமும் ஒவ்வொண்ணையும் இருபது விநாடி மோந்து பாருங்க. மூக்குக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கற மாதிரி" என்றார். எனக்கா பாடம் என்று கேட்கத் தோன்றியது. வாயை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். எழுந்திருக்கும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "நடுவுல இல்லாத வாசனை எதாவது வந்தா பயப்படாதீங்க. மூளை சும்மா இருக்காது. அதுவா எதையாவது எடுத்துக் காட்டும்."

அது மறுநாளே வந்தது.

மத்தியானம் நாலு மணி இருக்கும். சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ நெருங்கி வந்து நின்ற மாதிரி ஒரு வாசனை. கொஞ்சம் லாவெண்டர், அதற்குள் கிராம்பு, ஓரத்தில் எலுமிச்சை, அடியில் யூகலிப்டஸ். தூக்கிவாரிப் போட்டது. இந்த உலகத்தில் அந்த வாசனை ஒரே ஒருத்தி மேல்தான் வரும். என் தங்கை.

அவளும் எங்கள் கம்பெனியில்தான் இருந்தாள். பாட்டில் நிரப்பும் மேஜை. சாயங்காலம் மெஷினை நிறுத்தும்போது ஒவ்வொரு குழாயின் நுனியிலும் ஒரு சொட்டு நிற்கும். மற்றவர்கள் கந்தல் துணியால் துடைத்துப் போடுவார்கள். இவள் மட்டும் தன் கைக்குட்டையால் துடைத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அன்றைக்கு என்னென்ன ஓடியதோ அத்தனையும் அதில் இருக்கும். "ஏண்டி இப்படி நாறிக்கிட்டு வர்ற?" என்பேன். "உனக்கு மூக்குல சம்பளம், எனக்கு முந்தானையில சம்பளம்" என்று சிரிப்பாள். எத்தனையோ நாள் துவைத்தும் போகாமல் அவள் துணி, தலைமுடி, கழுத்து எல்லாம் அந்த வாசனை ஏறிவிட்டது. கம்பெனியில் நூற்று நாற்பது எண்ணெய் இருக்கிறது. அவள் வாசனை அதில் எதிலும் இல்லை.

போன வருஷக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

நான்தான் பார்த்துக்கொண்டேன். மூன்று நாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் வீட்டுக்காரர் சொன்னபோது, "எதுக்கு அலையணும், ஆவி பிடிச்சா இறங்கிடும்" என்று சொன்னது நான். டிஃப்யூசரை அவள் தலைமாட்டில் வைத்தது நான். மூன்றாம் நாள் மத்தியானம் அவள் என் கையைப் பிடித்து, "அக்கா, மூச்சு வரல" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இரு, இன்னும் ரெண்டு சொட்டு விடறேன்." அப்போது மணி நாலு. நுரையீரல் முழுக்கச் சளி கட்டியிருந்தது, ரெண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய அவசியமும் இல்லை.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. அண்ணி என்று கூப்பிடவேண்டிய மனிதர், அவளைக் கேட்டுப் பழகி அக்கா என்றே கூப்பிடுகிறார். குழந்தையைத் தனியாக வளர்க்க முடியாது என்று என் வீட்டு மாடிக்கே குடி வந்துவிட்டார். குழந்தைக்கு இப்போது ஐந்து வயது. குட்டி என்று கூப்பிடுவோம். அவளுக்கும் நெஞ்சு அவ்வளவு பலம் இல்லை. சளி பிடித்தால் இழுப்பு வரும். காரமான எண்ணெய் எதையும் இவள் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார்.

தங்கையின் கடைசிக் கைக்குட்டையை ஒரு மூடி போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். குட்டி தினமும் வந்து, "திற பெரியம்மா" என்பாள். திறந்து முதலில் நான் முகர்வேன், அப்புறம் அவள் மூக்கருகில் பிடிப்பேன். "அம்மா வாசனை வருதா?" என்று கேட்பாள். "வருதே" என்பேன். "எனக்கும்" என்று தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விடுவாள். மூக்கு போன பிறகும் நான் "வருதே" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது கைக்குட்டை தேவைப்படவே இல்லை. அவளே வந்துகொண்டிருந்தாள். தினமும் நாலு மணிக்கு. முதல் நாள் பயந்தேன். ரெண்டாம் நாள், "என்னை மன்னிச்சுடுடி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். நாலாம் நாள் நாற்காலி போட்டுக் காத்திருந்தேன். மூளை எடுத்துக் காட்டுகிறது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. இருக்கட்டுமே. பேயோ மூளையோ, வந்தது என் தங்கை. கோபமாக வருகிறாளா, பாசத்தில் வருகிறாளா என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. அவள் நிற்கும் பத்து நிமிஷமும் நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.

அந்த நாலு பாட்டில்களை நான் தொடவில்லை. பாடம் படித்து மூக்கு திரும்பினால் இவள் போய்விடுவாளே.

கம்பெனியில் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பீர்கள். சீசனுக்கு எல்லாரும் மாஸ்க் போடவேண்டும் என்று உத்தரவு. நானும் போட்டுக்கொண்டேன். மாஸ்க்குக்கு வெளியே பட்டையைப் பிடித்து முகர்கிற மாதிரி தலையைச் சாய்ப்பேன், கண்ணை மூடுவேன், கையெழுத்துப் போடுவேன். இருபத்திரண்டு வருஷப் பெயர் என்றால் சும்மாவா? மாஸ்க் போட்டுக்கொண்டு மோந்து பார்க்கிறாளே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மூக்கு போன மூக்கம்மாவுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது? அதுதான் பயம். வேறொன்றும் இல்லை.

ஒரே ஒருத்தி கேட்டாள். லேபிள் ஒட்டுகிறவள். குழந்தைகள் அறைக்கென்று நாங்கள் போடும் லாவெண்டர் கலவை அன்றைக்கு ஓடியது. ரொம்ப மெல்லிசான சரக்கு. அவள் மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கி, "மூக்கம்மா, இது கொஞ்சம் காரமா இல்ல?" என்றாள்.

"உன் மூக்கா, என் மூக்கா?" என்று சீறினேன். "இங்க எல்லாமே காரமாத்தான் இருக்கும். காலைலேர்ந்து பக்கத்து மெஷின்ல சளிக் கலவை ஓடுது. வேலையைப் பாரு."

அவள் மூஞ்சி சுருங்கிப்போனது. லேபிளை ஒட்ட ஆரம்பித்துவிட்டாள்.

புது பேட்ச் வந்தால் மாதிரி பாட்டில் இரண்டு எடுப்போம். ஒன்று கம்பெனி அலமாரிக்கு, ஒன்று எனக்கு. என் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து, குட்டிக்கு ஆகுமே என்று மாடி அலமாரியில் வைத்தேன். இதையெல்லாம் நான் என் கையால்தான் செய்தேன்.

மூன்று நாள் கழித்துக் குட்டிக்குச் சளி. டிரைவருக்கும் சளி. நான் வேலை முடிந்து மூன்றே முக்காலுக்கு மாடி ஏறினால், அவர் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பி நிற்கிறார்.

"அக்கா, குட்டி தூங்கறா. குளிர் காத்து வருதேன்னு ஜன்னலைச் சாத்திட்டேன். உங்க பாட்டில்லேர்ந்து பத்து சொட்டு டிஃப்யூசர்ல விட்டிருக்கேன்" என்றார், மூக்கால் பேசி.

"எந்த பாட்டில்?"

"குழந்தைங்க அறைக்குன்னு எழுதியிருக்கே, அதான். எனக்குத்தான் மூக்கு அடைச்சு ஒண்ணும் தெரியல. உங்க கையெழுத்து போன சரக்குன்னா நான் கண்ணை மூடிக்கிட்டு ஊத்துவேன்கா."

அவர் இறங்கிப் போனார். வீட்டில் இரண்டு பெரிய மூக்கு இருந்தும் இரண்டாலும் பிரயோஜனம் இல்லை என்று நினைத்துக்கொண்டே அறைக் கதவைத் திறந்தேன்.

டிஃப்யூசர் மெல்லிசாகப் புகை விட்டுக்கொண்டிருந்தது. அறை மங்கலாக இருந்தது. குட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் வந்துவிட்டாள். லாவெண்டர், கிராம்பு, எலுமிச்சை, அடியில் யூகலிப்டஸ். இவ்வளவு கெட்டியாக அவள் ஒரு நாளும் வந்ததில்லை. அறை முழுக்க அவள்தான் இருந்தாள். என் கண் எரிந்தது. மூக்கின் அடி சுருக்கென்றது, தொண்டை அடைத்தது. அழுகை வருகிறது என்று நினைத்தேன். வரட்டும், ஒரு வருஷமாக அடக்கி வைத்தது வரட்டும் என்று விட்டுவிட்டேன். கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது.

"பிள்ளையைப் பார்க்க வந்தியா?" என்று கேட்டேன். "பாரு, உன் மாதிரியே ஒருக்களிச்சுப் படுக்கறா. நல்லாத்தான் பார்த்துக்கறேன். நீ கவலைப்படாதே."

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்து பேசினேன் என்று தெரியாது. கால் மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். குட்டி நடுவில் இருமினாள். சளிதானே என்று முதுகைத் தட்டினேன். மறுபடி இருமினாள். அவள் நெஞ்சுக்கூடு மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் என் மனம் அங்கே இல்லை. செத்தவளோடு பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போது என் கையை யாரோ பிடித்தார்கள். சின்னக் கை, சில்லென்று.

"மூச்சு வரல" என்று கேட்டது.

அந்த ஒரு விநாடி, சொன்னது தங்கையா குழந்தையா என்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. இரு, இன்னும் ரெண்டு சொட்டு என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வார்த்தை வெளியே வரும் முன்னால் குட்டியின் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் சிவந்து நீர் ஒழுகியது. உதடு நீலம் பூத்திருந்தது. கழுத்துக் குழி உள்ளே உள்ளே இழுத்தது.

குழந்தைக்கும் கண்ணில் தண்ணீர். அவள் எதற்கு அழுகிறாள்? அப்போதுதான் உறைத்தது. எனக்கும் அது அழுகை இல்லை, எரிச்சல். லாவெண்டர் எரியாது. மூக்கு டாக்டர் சொன்னாரே, வாசனை தெரியாவிட்டாலும் எரிச்சல் தெரியும் என்று. இந்த அறையில் ஓடுவது என் தங்கை இல்லை. லேபிள் ஒட்டுகிறவள் காரம் என்று சொன்னாளே, அதே சரக்கு. கற்பூரமும் மெந்தாலும் யூகலிப்டஸும் போட்ட சளிக் கலவை. ஒரு சொட்டுக்கு மேல் விடாதீர்கள் என்று பெரியவர்களுக்கே நாங்கள் லேபிளில் போடும் சரக்கு. பத்து சொட்டு, ஜன்னலைச் சாத்திய அறையில், இழுப்புக்காரக் குழந்தைக்கு.

டிஃப்யூசரை எட்டி உதைத்தேன். குட்டியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி எப்படி இறங்கினேன் என்று தெரியாது. செருப்பில்லாமல் ரெண்டு தெரு ஓடினேன். வழி முழுக்க அந்த வாசனை என்னை விடவில்லை, கூடவே ஓடி வந்தது. "போடி, விட்டுப் போடி, இவளையும் எடுத்துக்கிட்டுப் போகவா வந்தே?" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளினிக்கில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். ஒன்று, ரெண்டு, மூன்று முறை. மூன்றாவது முறைக்கு அப்புறம் குட்டியின் கழுத்துக் குழி இழுப்பதை நிறுத்தியது. "இன்னும் கொஞ்ச நேரம் அந்த ரூம்ல இருந்திருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர். "என்ன எண்ணெய் அது? யார் கொடுத்தது?"

"நான்" என்றேன்.

அங்கேயே வராண்டாவில் நின்று கம்பெனிக்குப் போன் போட்டேன். முதலாளியே எடுத்தார். டிரம்மில் ஸ்டிக்கர் மாறியிருக்கிறது, குழந்தைகள் பாட்டில் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது, போனதைத் திரும்ப எடுங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க மூக்கம்மா?"

"எனக்கு மூக்கு இல்லைங்க. காய்ச்சல்லயே போயிடுச்சு. இத்தனை நாளா சும்மா தலையை ஆட்டிட்டிருந்தேன்."

"சரி, வையுங்க" என்றார். அன்றைக்கு லாரி கிளம்பும் நேரம். பாதிப் பெட்டி ஏற்றியிருந்ததாம், இறக்கிவிட்டார்கள். இரண்டு கடைக்கு ஏற்கெனவே போயிருந்ததை லேபிள்காரி நேரில் போய்த் தூக்கி வந்தாள். ஆறு பாட்டில் விற்றுப்போயிருந்தது. கடைக்காரர்கள் ஒவ்வொரு வீடாகத் தேடிப் பிடித்தார்கள். ஆறாவது பாட்டில் கிடைக்க நாலு நாள் ஆயிற்று. திறக்கவே இல்லையாம். அந்த நாலு நாளும் நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று எனக்கே தெரியாது.

டிரைவர் கிளினிக்குக்கு யூனிஃபார்மோடு ஓடிவந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கு போனதை, மாஸ்க்கை, லேபிள்காரியை அதட்டியதை, நாலு மணிக்கு அவள் வருவதை. போன வருஷத்து ரெண்டு சொட்டையும் சொன்னேன். அவர் குட்டியின் காலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் கேட்டிருக்கணும்கா" என்றார். "உங்களைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு அவளைத் தூக்கிட்டுப் போயிருக்கணும். நானும்தான் கண்ணை மூடிக்கிட்டேன்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்பெனியில் என்னை விரட்டவில்லை. லேபிள் மேஜையில் போட்டார்கள். டிரம்மை இப்போது அந்த லேபிள்காரி முகர்கிறாள். முதல் நாள் அவள் எதிரில் நின்று, "உன் மூக்குதான் மூக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "உக்காருங்க மூக்கம்மா" என்று நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

நாலு பாட்டில்களையும் எடுத்து வைத்தேன். வீட்டுக்குள் இல்லை, தெருப்பக்கம் படிக்கட்டில் உட்கார்ந்து, குட்டி பள்ளிக்கூடம் போன பிறகு. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். இருபது விநாடி. வெறும் காற்றை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பது அவ்வளவு லேசான காரியம் இல்லை. நாலு மணிக்கு அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஒரு மாதம் போனதும் பத்து நிமிஷம் ஐந்தாயிற்று. அப்புறம் கதவருகில் வந்து திரும்புகிற மாதிரி ஒரு விநாடி. ஒரு நாள் காலையில் கிராம்பு பாட்டிலைத் திறந்தபோது, ரொம்ப தூரத்தில், கிராம்பு கிராம்பாகவே வந்தது. சந்தோஷப்படவேண்டியவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு நாலு மணிக்கு யாரும் வரவில்லை. அதற்கப்புறம் வரவே இல்லை.

மூக்கு முழுசாகத் திரும்ப மூன்று மாதம் ஆயிற்று. மருந்துப் புகை, கிளினிக் என்று அலைந்ததில் குட்டி டப்பாவை மறந்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை திடீரென்று வந்து, "திற பெரியம்மா" என்றாள்.

இத்தனை நாளைக்கு அப்புறம் நிஜமாக முகரப்போகிறேன். மூடியைத் திறந்து, கைக்குட்டையை எடுத்து முகத்தில் வைத்து ஆழமாக இழுத்தேன். பழைய துணி வாசனை. கொஞ்சம் தகர டப்பா வாசனை. வேறு எதுவும் இல்லை. எண்ணெய் எத்தனை நாளைக்கு நிற்கும்? என்றைக்கோ பறந்துபோயிருக்கிறது. தொழில் தெரிந்தவள் நான், இது எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

"அம்மா வாசனை வருதா?" என்று கேட்டாள்.

வருதே என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "வரலடா கண்ணு. போயிடுச்சு" என்றேன்.

குட்டி என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் கைக்குட்டையை என்னிடமிருந்து வாங்கி, நாலாக மடித்து, டப்பாவில் வைத்து மூடினாள்.

"எனக்கு எப்பவுமே வரல பெரியம்மா" என்றாள். "உனக்கு வருதுன்னு சொன்னியா, அதான் நானும் சொன்னேன்."